செயலியும் செபப் பெட்டியும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன்னே நின்று கற்பித்தவர்கள் நாங்கள் இருவரும். எங்களுள் ஒருவர் தமிழாசிரியர். மற்றவர் கணித ஆசிரியை. பணி ஓய்வு பெற்ற பின்னர், மாணவர் அமரும் பக்கத்தில் மறுபடியும் போய் அமர வேண்டிய காலம் எங்களுக்கு வந்தது. எங்களுக்கு ஆசிரியையாக வாய்த்தவள் எங்கள் தம்பி மகள். பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை அப்போதுதான் முடித்திருந்தாள். பாடமோ, கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்குவது எப்படி என்பது. அந்தப் பாடத்தில் நாங்கள் எவ்வளவு தேறினோம் என்பதோடு, எந்த இடத்தில் தவறினோம் என்பதையும் மறையாது எழுதவே இக்கட்டுரை. கற்க விரும்புவோர்க்கு முன்னது பயன்படும். இறைமக்கள் அனைவருக்கும் பின்னது பயன்படக்கூடும்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டதையும், பல மாதங்களுக்குப் பிறகு அவை திறக்கப்பட்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது. திறந்தபோது பொதுப் பாடல் நூல்களைக் கைமாற்றிப் பயன்படுத்துதல் ஆகாது என்றாயிற்று. எங்கள் பங்கில் இருந்த பழைய பாடல் நூல்கள் கட்டுக் கட்டாக அலமாரிக்குள் போயின. பாடகர் குழுவினர் நூலின் பக்கங்களைப் படமெடுத்துக் கைப்பேசி வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டனர். படங்களில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. முதியோர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பாடாமலே நின்றனர். பெரிய எழுத்தில் விரிவதாய், தேடினால் உடனே கிடைப்பதாய் ஒரு பாடல் நூல் கைப்பேசியிலேயே இருந்தால் என்ன என்று ஒரு மாலையில் பேசிக் கொண்டிருந்தோம். அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெண், "நீங்களே செய்யலாமே பெரியப்பா" என்றாள். எங்களைக் கேலி செய்கிறாள் என்றே முதலில் எண்ணினோம். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், மடிக்கணினி ஒன்றின் முன்னே முதல் பாடம் தொடங்கிற்று.

செயலி செய்வதற்கு வழிகள் பல என்பதை முதல் நாளிலேயே விளக்கினாள். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கென்றே எழுதுவோர் ஜாவா அல்லது காட்லின் என்னும் நிரல்மொழியைக் கையாளுகின்றனர். ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிக்கு எழுதுவோர், அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் என்னும் மொழியைக் கற்கின்றனர். அதற்கு அந்நிறுவனத்தின் கணினியும் வேண்டும். ஒருமுறை எழுதி இருவகைக் கைப்பேசிகளிலும் இயங்கச் செய்ய ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவித் தொகுதிகள் உள்ளன. இவை அனைத்திலும் எளியதொரு வழியும் உண்டு. இணையப் பக்கங்களை எழுதும் அதே மூன்று மொழிகளைக் கொண்டு செயலியையும் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதப்பட்ட பக்கத்தைக் கைப்பேசியின் முகப்பில் ஒரு சிறு படமாகப் பதித்து வைத்துக் கொண்டால், தொட்டவுடன் மற்றச் செயலிகளைப் போலவே அது விரியும். கடையில் வைக்க வேண்டுமென்றால் கூகுள் நிறுவனத்துக்கு ஒருமுறை 25 டாலரும், ஆப்பிள் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் 99 டாலரும் செலுத்த வேண்டும். இணைய வழியில் அந்தச் செலவு இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் எங்களுக்கு இதற்குமேல் எண்ணிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அம்மூன்று மொழிகளையும் அவள் ஒரு வீடு கட்டுவதோடு ஒப்பிட்டுச் சொன்னாள். எச்.டி.எம்.எல். என்பது சுவரும் தூணும். இது தலைப்பு, இது பத்தி, இது பொத்தான் என்று பக்கத்தின் உறுப்புகளை அது குறிக்கின்றது. சி.எஸ்.எஸ். என்பது பூச்சும் வண்ணமும். எழுத்தின் அளவு, வரிகளுக்கிடையே இடைவெளி ஆகியவற்றை அது வகுக்கின்றது. ஜாவாஸ்கிரிப்ட் என்பது வீட்டில் குடியிருக்கும் ஆள். தொட்டால் என்ன நிகழ வேண்டும், தேடினால் எதைக் காட்ட வேண்டும் என்பவற்றை அதுவே நடத்துகின்றது. சுவரெழுப்பும் வேலையை இரண்டு வாரங்களில் கற்றோம். பூச்சு வேலைக்கு ஒரு மாதம் ஆயிற்று. குடியிருக்கும் ஆளோடு பழகுவதற்கு ஓராண்டு போதவில்லை.

இம்மொழிகளின் வரலாற்றிலும் மனத்தில் நின்ற ஒன்று உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டு உலகளாவிய இணையப் பிணைப்புக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் அதன் நிரல்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே வழங்கச் சொன்ன நம் ஆண்டவரின் அறிவுரை, ஆய்வுக்கூடம் ஒன்றில் இப்படி நிறைவேறியிருப்பதைக் கண்டு வியந்தோம். கடற்கரை ஊரொன்றில் இரண்டு கிழவர்கள் காசு கொடுக்காமல் கற்க முடிந்தது அந்த ஒரு நாளின் கொடையால் அன்றோ?

பாடல்களைச் சேர்க்கும்போது ஒரு வரையறை வைத்துக் கொண்டோம். பாடல்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றை எழுதியவர்கள் இருக்கின்றார்கள். உரியவர்களிடம் பங்குத்தந்தையின் வழியாக ஒப்புதல் பெற்ற 212 பாடல்களை மட்டுமே தட்டச்சு செய்து சேர்த்தோம்.

பாடல்கள் உள்ளே போனதும் தமிழாசிரியருக்குச் சோதனை தொடங்கியது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால், ஐந்து என்று விடை வருகின்றது! மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். காரணத்தை அறிந்தபோது கோபம் தணிந்தது. ஒருங்குறி முறையில் த ஒரு குறி. ம ஒரு குறி. அதன் மேலுள்ள இகரக் கொக்கி தனியொரு குறி. ழ ஒரு குறி. அதன் மேலுள்ள புள்ளி இன்னொரு குறி. கணினி குறிகளை எண்ணுகின்றது; நாம் எழுத்துகளை எண்ணுகின்றோம். எழுத்துகளாகவே பிரித்துத் தருவதற்கென்று பின்னாளில் அம்மொழியில் ஒரு கருவி சேர்க்கப்பட்டிருக்கின்றது. அதைக் கையாண்டபின் மூன்று என்ற விடை வந்தது.

அகரவரிசையும் இடறியது. ஒருங்குறி அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன நிற்கின்றது. ர-வுக்கு அடுத்து ற நிற்கின்றது. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னே போய்விடுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் நிற்கின்றது. ஆகவே குறிகளின் வரிசைப்படி அடுக்கினால், நம் அகராதிகளில் 'அகம்' என்பதற்கு முன்னே நிற்கும் 'அக்கா' பின்னே போய்விடுகின்றாள். தமிழ் முறைப்படி அடுக்கு என்று மொழியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டால் அடுக்குகின்றது. இன்னொன்றும் கண்டோம். 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக அமையுமாறும் பதியலாம். இரண்டும் இணைந்த ஒரே குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு. பழைய கோப்புகளிலிருந்து எடுத்த பாடல்கள் பல, தேடியும் அகப்படாமல் ஒளிந்து கொண்டதன் மருமம் இதுவே. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே அவை வெளிப்பட்டன. காணாமற்போன நாணயத்தைத் தேடி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் மகிழ்ச்சி எத்தகையது என்பதை அன்று அறிந்தோம்.

இவ்வாறு எழுத்துகளோடு போராடிய நாள்களில் அண்டிரிக் அடிகளாரை அடிக்கடி நினைத்துக் கொண்டோம். போர்ச்சுக்கல் நாட்டினரான ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அந்த இயேசு சபைத் துறவி முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழைக் கற்றார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அவர் அச்சிடச் செய்த 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று இன்று போற்றப்படுவது அதுவே. அவருடைய 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. அந்நூலோடு பெயர் இணைத்துப் பேசப்படும் புன்னைக்காயல் எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. வளைவும் சுழிவும் நிறைந்த நம் எழுத்துகளை ஈயத்தில் வார்க்க அன்று எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தி வந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்து வடிவில் தெளிவுற வேறுபடுத்தினார். புதிய கருவி வரும்போதெல்லாம் தமிழ் எழுத்து அதனோடு மல்லுக்கட்டியே உள்ளே நுழைந்திருக்கின்றது. அதில் நம் முன்னோர்க்குப் பங்கு உண்டு என்பது எங்களுக்கு ஊக்கமாயிற்று.

கணித ஆசிரியைக்கும் சோதனை வந்தது. தவக்காலத்தில் அல்லேலூயாப் பாடல்களை நாம் பாடுவதில்லை அன்றோ? ஆகவே, காலம் தவக்காலமாயின் அப்பாடல்களை மறைத்து வை என்று 2022ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முன்னர் ஒரு கட்டளை எழுதினோம். நாற்பது நாளும் அது செவ்வனே இயங்கியது. ஏப்ரல் 16ஆம் நாள் இரவு, பாஸ்காத் திருவிழிப்பு. மணிகள் முழங்கின, விளக்குகள் எரிந்தன. பாடகர் குழுவினர் கைப்பேசியைத் தொட்டால் அல்லேலூயா இல்லை! மனப்பாடமாய் அறிந்தவர்கள் இருந்ததால் மானம் தப்பியது. திருப்பலி முடிந்து வீடு திரும்பி, விடியும்வரை நிரலை ஆராய்ந்தோம். கணக்கில் சமக்குறி என்றால் இப்பக்கமும் அப்பக்கமும் சமம் என்று பொருள். ஜாவாஸ்கிரிப்டில் ஒற்றைச் சமக்குறி, இதன் மதிப்பை இவ்வாறு ஆக்கிவிடு என்னும் ஆணை. சமமா என்று கேட்பதற்கு மூன்று சமக்குறிகள் இட வேண்டும். நாங்கள் இட்டிருந்தது ஒன்றே. காலம் தவக்காலமா என்று கேட்பதாக நினைத்து, ஒவ்வொரு முறையும் காலத்தைத் தவக்காலமாகவே ஆக்கிக் கொண்டிருந்தோம். "உங்களுக்கு உயிர்ப்பே கிடையாது போலிருக்கிறதே பெரியம்மா" என்று தொலைபேசியில் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது.

இன்னொரு பாடமும் அவ்வாண்டில் கற்றோம். எங்கள் ஆலயத்தின் சுவர்கள் பருமனானவை. உள்ளே அலைபேசி அலை நுழைவதில்லை. ஆகவே இணையம் இல்லாத இடத்திலும் செயலி விரிய வேண்டும். அதற்கென்று சர்வீஸ் வொர்க்கர் என்னும் ஓர் ஏற்பாடு உள்ளது. அது பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் பணியாள். பாடல்களை ஒருமுறை கொணர்ந்து கைப்பேசிக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துத் தருகின்றது. நல்ல பணியாள்தான், ஆனால் பழையதை எளிதில் விடுவதில்லை. பாடலொன்றில் இருந்த ஒற்றுப் பிழையைத் திருத்தி ஒரு வாரம் ஆகியும், "வாத்தியாரே, திருத்திட்டேன்னு சொல்றீங்க, என் போன்ல பழைய பிழைதானே நிக்குது!" என்று மூதாட்டி ஒருவர் குறைபட்டுக் கொண்டார். சேமிப்புக்கு இடும் பெயரைப் புதிதாக மாற்றி, பழைய சேமிப்பை அழிக்கச் சொன்னால்தான் அந்தப் பணியாள் புதியதைக் கொண்டு வருகின்றது. திருந்தியதாக நாம் சொல்லிக் கொண்டாலும் உள்ளே பழையதையே எடுத்து வழங்கிக் கொண்டிருக்கும் நம் மனத்தையும் இதனோடு எண்ணிப் பார்த்தோம்.

இவ்வாறு செயலி வளர்ந்தது. பங்கில் பாராட்டும் வளர்ந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால் யாரேனும் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொல்வார். எங்கள் தவற்றுக்கு விதை விழுந்தது அந்த நாள்களில்தான் என்று இப்போது தோன்றுகின்றது.

2022 அக்டோபர் மாதம், செபமாலை மாதம். செபவிண்ணப்பங்களையும் செயலி வழியே அனுப்பும்படி செய்தால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்டனர். எங்கள் பங்கில் கடலுக்குப் போவோர் குடும்பங்கள் மிகுதி. கப்பல் வேலையிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் பல. ஆலயத்துக்கு வர இயலாதவரும் விண்ணப்பம் அனுப்பலாமே என்று எங்களுக்கும் நல்லதாகவே பட்டது. பாடல்கள் கைப்பேசிக்குள்ளேயே இருப்பவை. விண்ணப்பங்களோ அனுப்புவோரிடமிருந்து வெளியே வந்து ஓரிடத்தில் சேர வேண்டும். அதற்கு இணையத்தில் ஒரு தரவுக் கிடங்கு தேவைப்பட்டது. இலவசமாய்க் கிடைத்த ஒன்றை எடுத்துக் கொண்டோம். கிடங்கைத் திறக்கும்போதே ஒரு கேள்வி வந்தது: பூட்டி வைக்கவா, சோதனைக்காகத் திறந்து வைக்கவா? பழகும்வரை திறந்திருக்கட்டும் என்று தேர்ந்தோம். பூட்டினால், யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்ற விதிகளை எழுத வேண்டும். அவை எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை. முப்பது நாளில் அந்தத் திறப்பு முடிவுக்கு வரும் என்று எச்சரித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செயலி நின்றுவிடுமே என்று அஞ்சி, விதியைக் கற்பதற்கு மாறாக, நாளை மட்டும் நீட்டிவிட்டோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் தம்பி மகள் ஊருக்கு வந்தாள். அப்போது அவள் படிப்பை முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குடில் வைத்துக்கொண்டிருந்த கூடத்தில் அமர்ந்து எங்கள் நிரலைப் பார்வையிட்டவள், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பெரியப்பா, இந்த விண்ணப்பங்களை யார் படிக்கிறார்கள்?"

"சாமியாரும் நாங்களும் மட்டும்தான் கண்ணு."

அவள் தன் கைப்பேசியில் எதையோ தட்டி எங்களிடம் நீட்டினாள். அதில் எங்கள் செயலி இல்லை. கடவுச்சொல் எதையும் அவள் இடவில்லை. ஆயினும் 43 விண்ணப்பங்களும் வரிசையாக அங்கே இருந்தன. பலவற்றில் பெயரும் இருந்தது.

"கடவுச்சொல் இல்லாமல் எப்படியம்மா?"

"கடவுச்சொல்லை எங்கே வைத்தீர்கள் பெரியம்மா? கிடங்கின் முகவரி உங்கள் நிரலிலேயே இருக்கிறது. உலாவிக்கு அனுப்புகிற நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். முகவரி தெரிவது குற்றமில்லை. கதவு பூட்டியிருக்க வேண்டும்."

அவள் கடிந்து பேசவில்லை. அதுவே எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பூட்டு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினாள். அரை மணி நேரத்தில் விதிகளை எழுதி முடித்தாள். இரண்டு மாதங்களாக எங்களுக்கு விளங்காதது என்று தள்ளி வைத்த விதிகள் ஏழெட்டு வரிகள்தாம்.

அந்த விண்ணப்பங்களில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டோம். நோய், கடன், பிள்ளைகள், திருமணம் என்று பொதுவாகச் சொல்வதற்குக்கூட இப்போது கை கூசுகின்றது. அன்னையின் திருமுன் முழங்காலிட்டு உதடு அசையாமல் சொல்லத் தக்கவற்றை மக்கள் எங்களை நம்பி எழுதியிருந்தார்கள். அவற்றை வேறு யாரேனும் படித்தார்களா என்று கேட்டோம். படித்ததற்கான தடயம் எதையும் நாங்கள் பதிந்து வைக்கவில்லை. ஆகவே அறிய வழியில்லை என்றாள். படிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை, படித்துவிட்டார்கள் என்பதைவிடக் கொடியதாகத் தோன்றிற்று.

அன்றிரவு எங்களுக்குள் நிகழ்ந்த போராட்டத்தை மறைப்பது நேர்மையாகாது. கதவை அடைத்தாயிற்று, யாருக்கும் தெரியாது, இனி நேராது, எதற்காக வெளியே சொல்லி அவர்களையும் கலங்க வைக்க வேண்டும் என்று எங்களுள் ஒருவர் வாதிட்டார். மற்றவர் மறுக்கவில்லை, மௌனமாக இருந்தார். அவர்களுடைய கலக்கத்தை எண்ணிச் சொன்னதா, எங்கள் பெயரை எண்ணிச் சொன்னதா என்று கேட்டுப் பார்த்தபோது இருவருமே தலைகுனிந்தோம். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின்னர் பங்குத்தந்தையிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் முழுவதும் கேட்டார்.

"பூட்டிவிட்டீர்கள் அல்லவா?"

"பூட்டிவிட்டோம் சாமி."

"எழுதியவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் குறித்திருந்தவர்களின் வீடுகளுக்கு நாங்கள் போவதென்றும், பெயரிடாதவர்களுக்காகத் திருப்பலியின் இறுதியில் அறிவிப்பதென்றும் முடிவாயிற்று. அறிவிக்கும் பொறுப்பையும் எங்களிடமே விட்டார். பல ஆண்டுகள் வகுப்பறையில் பேசிய குரல், ஒலிபெருக்கியின் முன்னே அன்று நடுங்கியது.

வீடு வீடாகப் போன அந்த மார்கழி மாலைகளை வாழ்நாள் உள்ளளவும் மறவோம். பெரும்பாலோர் எளிதில் மன்னித்தனர். கட்டுமரத்தில் முதுமை அடைந்த பெரியவர் ஒருவர், "கடலுக்கும் கடவுளுக்கும் தெரிஞ்சதை ஊர் தெரிஞ்சா என்ன வாத்தியாரே?" என்று சிரித்துக் காப்பி தரச் சொன்னார். ஓர் இளைஞன், செயலியில் என்ன நடந்ததென்று விவரமாகக் கேட்டான்; தானும் கற்க வேண்டும் என்றான். ஒரு வீட்டில் மட்டும், நாங்கள் சொல்லி முடிக்கும்வரை வாசற்படியிலேயே நின்று கேட்ட ஒரு பெண், ஒரு சொல்லும் பேசாமல் கதவைச் சாத்திக் கொண்டார். அன்றுமுதல் எங்களோடு அவர் பேசுவதில்லை. அவர் செய்தது தவறு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

நம் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் விதி, ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம் மீறப்படலாகாது என்று கூறுகின்றது என்பதை அனைவரும் அறிவோம். அவ்விதியின் இரண்டாம் பகுதியைப் பலர் அறியார். ஒப்புரவின்போது இடையே நின்று மொழிபெயர்ப்பவர் எவரேனும் இருந்தால் அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று அது சொல்கின்றது. செபவிண்ணப்பம் ஒப்புரவு அன்று. அவ்விதி இதற்குப் பொருந்தாது. ஆயினும் ஒருவர் உள்ளத்திலிருந்து புறப்படும் சொல், சேர வேண்டிய இடத்தைச் சேருமுன் யார் யார் கையைக் கடக்கின்றதோ அவர்கள் எல்லாருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்னும் உணர்வு அவ்விதியில் இருக்கின்றது. நிரல் எழுதுகின்றவன் அத்தகைய இடையாள். நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தரவைத் திரட்டுவோர் அதைக் காக்க வேண்டும், காவல் தவறினால் உரியவர்க்கு அறிவிக்க வேண்டும் என்பது அதிலும் உள்ளது. பங்குத்தந்தையின் இரண்டாம் கேள்வி சட்டத்துக்கு முந்தி வந்துவிட்டது.

கணினி கற்கும் நம் இளைஞர்களுக்குப் புனித கார்லோ அகூத்திஸ் ஓர் ஆதர்சம். 1991இல் பிறந்து, 2006 அக்டோபர் 12ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் தம் பதினைந்தாம் வயதிலேயே இறைவனடி சேர்ந்த அவரை, 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். நாங்கள் கற்ற இதே வகை நிரல்களைச் சிறுவயதிலேயே தாமாகக் கற்று, உலகெங்கும் நிகழ்ந்ததாகப் போற்றப்படும் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர் அவர். எல்லாரும் அறிய வேண்டியதை எல்லாரும் காணும் இடத்தில் வைத்தார். கூரைமேல் நின்று அறிவிக்க வேண்டியவை உண்டு என்றும், உள்ளறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு வேண்ட வேண்டியவை உண்டு என்றும் ஆண்டவர் சொன்னதை ஒரே நற்செய்தி நூலில் வாசிக்கின்றோம். பாடல்கள் முதல் வகையைச் சார்ந்தவை. விண்ணப்பங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இரண்டையும் ஒரே கருவியால் செய்யலாம் என்று கண்டவுடன் இரண்டும் ஒன்றே என்று மயங்கியது எங்கள் பிழை.

செயலி இன்றும் இருக்கின்றது. பாடல்கள் மட்டுமே அதில் உள்ளன. விண்ணப்பப் பகுதியை நீக்கி, கிடங்கில் இருந்தவற்றையும் அழித்துவிட்டோம். பூட்டிய பின்னர் அதை வைத்துக் கொண்டிருந்தால் என்ன என்று எங்கள் தம்பி மகளே கேட்டாள். பூட்டத் தெரிந்துகொண்டது உண்மை. ஆனால் பிறர் துயரத்தை எங்கள் கையில் வைத்திருக்கத் தேவையே இல்லை என்பதையும் தெரிந்துகொண்டோம். இப்போது நிரலில் ஒரு புதிய பகுதியைச் சேர்க்குமுன் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கொள்கின்றோம்: இது நமக்குத் தேவையா? இது வெளிப்பட்டால் யாருக்கு நோகும்?

கற்க வேண்டும் என்று யாரேனும் வந்தால் மறுப்பதில்லை. காப்பி தரச் சொன்ன பெரியவரின் பேரனும், விவரம் கேட்ட அந்த இளைஞனும், வேறு மூவரும் சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்துக்கு வருகின்றார்கள். சுவரும் தூணும் முதலில் சொல்லித் தருகின்றோம், பிறகு பூச்சு, பிறகு குடியிருக்கும் ஆள். ஒற்றைச் சமக்குறியின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கின்றோம். கதவும் பூட்டும் பற்றிய பாடத்தை மட்டும் கடைசிக்கு வைப்பதில்லை. அது இரண்டாம் வாரத்திலேயே வருகின்றது. அந்தப் பாடத்தில் எங்கள் கதையை மறைக்காமல் சொல்லி விடுகின்றோம்.

ஆலயத்தில், அன்னையின் சுரூபத்துக்கு அருகே, எங்கள் ஊர்த் தச்சர் செய்து கொடுத்த மரப் பெட்டி ஒன்று இருக்கின்றது. மேலே ஒரு பிளவு. பக்கத்தில் ஒரு பூட்டு. மாதத்தின் முதல் வெள்ளியன்று அதில் சேர்ந்த தாள்கள் பீடத்தின் அடியில் வைக்கப்பட்டு, திருப்பலி முடிந்ததும் யாராலும் படிக்கப்படாமலே எரிக்கப்படுகின்றன. பாடகர் குழுவில் எங்கள் இருக்கை அந்தப் பெட்டிக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது. மடித்த தாளோடு யார் வருகின்றார், யார் தயங்குகின்றார், யார் இட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக் கொள்கின்றார் என்பதெல்லாம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். காலடி ஓசை கேட்கும்போது கைப்பேசியில் பாடலைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்து கொள்கின்றோம்.